அரிசி வந்தது, காய் வரவில்லை
2020 கொரோனா ஊரடங்கில் ரேஷன் கடைகள் தமிழகத்தைப் பட்டினியிலிருந்து காத்தன என்று நான் படித்த கட்டுரை ஒன்று கூறுவதில் எனக்கு மறுப்பில்லை. ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு விலையில்லா அரிசியோடு ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் சமையல் எண்ணெய், 1000 ரூபாய் ரொக்கம் ஆகியவை கிடைத்தன. ஆனால் வயிறு நிறைந்ததை மட்டுமே கட்டுரை கணக்கில் கொள்கிறது. மே மாதம் சென்னையின் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் நகருக்கு வெளியே திருமழிசைக்கு மாற்றப்பட்ட நாட்களில், தினக்கூலியை நம்பியிருந்த எங்கள் தெருவின் பல வீடுகளில் குழம்பில் காய் குறைந்து, ரசமும் ஊறுகாயுமே மதியச் சாப்பாடாயின. பள்ளிகள் மூடியிருந்ததால், வாரத்தில் ஐந்து நாள் சத்துணவில் கிடைத்துவந்த முட்டையும் பிள்ளைகளின் தட்டிலிருந்து போயிற்று. என் பார்வையில் இதுவே பெரிய இழப்பு. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைச் சாப்பிட்ட தாய்மாரைப் பற்றியும் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.