முதல் ஆள், அப்புறம் 24 பேர்

எங்காவது ஒருவர் "முதல் ஆளாக" உள்ளே நுழைந்தால் நாம் கைதட்டுகிறோம். நானும் தட்டுவேன். ஆனால் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் சல்லிவனைப் பற்றி இரண்டு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கைதட்டிவிட்டு அதோடு எழுந்து போய்விடுகிறோமே என்ற வருத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வருகிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சல்லிவன் 1933-ல் அட்லாண்டாவில் பிறந்தவர். வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், பிளேக்லி என்ற சிற்றூரில். அப்பாவுக்கு சவ அடக்கத் தொழில், அம்மா ஆசிரியை. கறுப்பின மக்கள் பின்வாசல் வழியாகத்தான் பல இடங்களுக்கும் போகவேண்டியிருந்த காலம் அது. கறுப்பின டாக்டர் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் 41 மைல் தள்ளி பெயின்பிரிட்ஜ் என்ற ஊருக்குப் போகவேண்டும். அங்கே ஜோசப் கிரிஃபின் என்று ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்துத்தான் சல்லிவனுக்குச் சின்ன வயதிலேயே டாக்டராகும் ஆசை வந்தது.

காய்ச்சலில் துவண்டுபோன குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்துச் சாலையில், 41 மைல். அவ்வளவு பெரிய வட்டாரத்தில் ஏன் இன்னும் நான்கைந்து பேர் இல்லை? படிக்கிற பிள்ளைகளே அங்கே பிறக்கவில்லையா?

பிறந்தார்கள். போய்ப் படிக்கத்தான் இடமில்லை. 1910-ல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் அமெரிக்கா, கனடா இரண்டிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். தரமற்ற கல்லூரிகள் மலிந்திருந்த நேரம், அறிக்கையால் நல்லதும் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கு என்று அப்போது இருந்தவை ஏழே கல்லூரிகள். அவற்றில் ஹோவர்ட், மெஹாரி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்றார் ஃபிளெக்ஸ்னர். மற்ற ஐந்தும் 1923-க்குள் மூடப்பட்டன. கறுப்பின மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சையைவிட சுகாதாரம் கற்றுக்கொண்டால் நல்லது, அவர்களுடைய மக்களின் நோய் வெள்ளையர்களுக்குப் பரவாமல் இருக்க அது உதவும் என்கிற அளவுக்கு அந்த அறிக்கை போகிறது. அந்த ஐந்தும் மூடாமல் இருந்திருந்தால் 2019-க்குள் 35 ஆயிரம் மருத்துவர்கள் வரை கூடுதலாகப் படித்து வந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெயின்பிரிட்ஜில் ஒருவர் மட்டும் இருந்ததற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

சல்லிவன் அட்லாண்டாவில், கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டம் வாங்கியது 1954-ல். சொந்த மாநிலத்து மருத்துவக் கல்லூரிகள் அப்போது அவரைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. பாஸ்டன் போனார். அங்கே அவர் வகுப்பில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். 1958-ல் நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பெரிய மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அப்புறம் ரத்தவியல். அதிகமாகக் குடிப்பது எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உருவாவதையே எப்படித் தடுக்கிறது என்பதைக் காட்டிய முக்கியமான ஆய்வுகளில் அவருக்குப் பங்கு உண்டு. பாஸ்டனில் பேராசிரியர் பதவி. வாழ்க்கை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தாலும் அவர் ஒரு வெற்றிக் கதைதான். பள்ளிக்கூடச் சுவரில் படம் மாட்டியிருப்பார்கள். ஆனால் 1975-ல் அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு அட்லாண்டா திரும்பினார். தான் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியில் ஒரு மருத்துவப் படிப்பை முதலிலிருந்து உருவாக்கும் வேலை. எனக்கு அவர் மேல் மரியாதை பிறந்த இடம் இதுதான், அவர் பின்னாளில் அமைச்சரானது அல்ல. ஒரு மருத்துவக் கல்லூரி ஆரம்பிப்பது என்றால் லேசா? ஆசிரியர்கள் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், அங்கீகாரம் வேண்டும், மாணவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துப் படிக்க ஒரு மருத்துவமனை வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். 1978-ல் 24 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. அதுவும் முதல் இரண்டு ஆண்டுப் பாடம் மட்டும்தான். மீதியை வேறு கல்லூரிக்குப் போய் முடிக்கவேண்டும். 1981-ல் மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரி தனி நிறுவனமானது. தானே படிப்பு முழுவதையும் நடத்தி டாக்டர் பட்டம் கொடுத்தது 1985-ல். பத்து வருட உழைப்பு. ஏழைகளும் கிராமத்து மக்களும் வாழும் பகுதிகளில் வேலை செய்யும் மருத்துவர்களை உருவாக்குவது என்பதை ஆரம்பத்திலேயே குறிக்கோளாக எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அந்த 1978-ஐ இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். அதே வருடம் ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆலன் பாக்கி என்ற வெள்ளையினத்தவர் தனக்கு இடம் கிடைக்காததால் தொடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. வழக்கே ஒரு மருத்துவக் கல்லூரியைப் பற்றியதுதான். டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மையினருக்கு என்று ஒதுக்கியிருந்தது. அப்படி எண்ணிக்கை வைத்து ஒதுக்கக்கூடாது, ஆனால் பல காரணிகளில் ஒன்றாக இனத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்றது நீதிமன்றம். இன்னொரு கணக்கும் அந்த வருடத்தைச் சேர்ந்தது. 1978-ல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த கறுப்பின ஆண்கள் 542 பேர். 2014-ல் 515 பேர். 36 வருடம் கழித்து 27 பேர் குறைவு. இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இடையில் எத்தனை "முதல்" செய்திகள் வந்திருக்கும்! எத்தனை பேருக்கு மாலை போட்டிருப்பார்கள்!

இந்தப் பேச்சை எடுத்தாலே "தகுதி என்ன ஆவது?" என்று ஒரு கேள்வி வரும். சரி, தகுதியைப் பற்றியே பேசுவோம். மருத்துவருக்கு எது தகுதி? நோயாளி அவரிடம் மனம்விட்டுப் பேசுவது தகுதியில் சேருமா, சேராதா? கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். யாருக்கு எந்த டாக்டர் என்பது குலுக்கல் முறையில். டாக்டரின் புகைப்படத்தை மட்டும் பார்த்தபோது எந்த வேறுபாடும் இல்லை. நேரில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் வேறுபாடு வந்தது. கறுப்பின டாக்டரிடம் பேசியவர்கள் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளுக்கு அதிகம் சம்மதித்தார்கள். இது பரவலாக நடந்தால் கறுப்பின, வெள்ளையின ஆண்களுக்கு இடையே இதய நோய் இறப்பில் உள்ள இடைவெளி 19 சதவீதம் குறையலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். யாருக்கோ கருணை காட்டி சீட் கொடுக்கிற விஷயமாகவே இதைப் பார்ப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இங்கே பலன் அடைந்தது மாணவரா, நோயாளியா?

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விடுவது, வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் நடந்தது என்று 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. கருவி வந்து எத்தனை காலம் ஆகிறது! அதை உருவாக்கும் அறையிலும் சோதிக்கும் அறையிலும் கருத்த விரல்கள் போதுமான அளவு இருந்திருந்தால் இவ்வளவு தாமதம் ஆகியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

1989-லிருந்து 1993 வரை சல்லிவன் அமெரிக்க சுகாதாரத் துறை அமைச்சர். எல்லாவற்றிலும் அவர் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். 1990-ல் சான் ஃபிரான்சிஸ்கோ எய்ட்ஸ் மாநாட்டில் போராட்டக்காரர்கள் அவர் பேச்சே கேட்காதபடி கூச்சல் போட்டார்கள். அந்த அரசின் மேல் அவர்களுக்கு இருந்த கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதே வருடம் ஜனவரியில், கறுப்பின மக்களைக் குறிவைத்து 'அப்டவுன்' என்ற மெந்தால் சிகரெட்டை ஃபிலடெல்ஃபியாவில் இறக்கத் தயாரானது ஒரு நிறுவனம். உள்ளூர் மக்கள் ஏற்கனவே எதிர்த்துக் கிளம்பியிருந்தார்கள். அமைச்சராக இருந்துகொண்டு, அந்த நகரத்திலேயே போய், வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார் சல்லிவன். மறுநாளே நிறுவனம் பின்வாங்கியது.

அமைச்சர் பதவிக்குப் பிறகும் பழைய வேலையை விடவில்லை. 2004-ல் அவர் தலைமையிலான ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. "காணாமல் போனவர்கள்" என்று அதற்குத் தலைப்பு. கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர்), அமெரிக்கப் பழங்குடியினர் மூவரும் சேர்ந்து மக்கள்தொகையில் 25 சதவீதத்துக்கும் மேல். ஆனால் செவிலியர்களில் 9 சதவீதம், மருத்துவர்களில் 6, பல் மருத்துவர்களில் 5. கடனுக்குப் பதில் உதவித்தொகை கொடுங்கள், நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள் என்றெல்லாம் அந்த அறிக்கை கேட்டது. 2023-ல் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கே முற்றுப்புள்ளி வைத்தது. அடுத்த வருடம் மருத்துவக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் எண்ணிக்கை 11 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஒரே வருடத்தில்!

தீர்ப்புகள் வரும், மாறும். ஆனால் கட்டிய கல்லூரி நிற்கிறது. ரெஜினா பெஞ்சமின் என்ற பெண், கல்லூரிக்குப் போகும்வரை ஒரு கறுப்பின டாக்டரைக்கூடப் பார்த்ததில்லை. மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரியின் ஆரம்ப கால மாணவி. அங்கே படிப்பைத் தொடங்கி, அலபாமாவில் முடித்தார். அப்புறம் அலபாமாவின் பாயூ லா பாட்ரே என்ற ஏழை மீனவ ஊரில் ஒரு சின்ன மருத்துவமனை திறந்தார். 1998-ல் புயல் அதை அழித்தது. மறுபடி கட்டினார். 2005-ல் கத்ரீனா புயல் அழித்தது. மறுபடி கட்டி, திறக்கும் நேரத்தில் தீப்பிடித்து எரிந்தது. மூன்றாவது முறையும் கட்டினார். புயலுக்குப் பிறகு மருத்துவமனை இல்லாத நாட்களில், தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு அவரே வீடு வீடாக நோயாளிகளைத் தேடிப் போனார்.