ஒரு போனில் ஒரு கிராம் தங்கமா?
'பழைய போன் ஒன்றில் ஒரு கிராம் தங்கம் இருக்கு, வீட்டிலேயே ஆசிட்டில் போட்டு எடுத்துடலாம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. ஒரு போனில் இருப்பது சுமார் 0.03 கிராம்தான். ஒரு கிராம் சேர முப்பது போனுக்கு மேல் வேண்டும். தாதுவைவிட போனில் தங்கம் அதிகம் என்பது சரி, ஆனால் அது டன்னுக்கு டன் போடும் கணக்கு. தாதுவில் சில கிராம், போனில் சில நூறு கிராம். ஒரு டன் போன் யாரிடம் இருக்கிறது?

சிம் செருகும் இடத்தில் மஞ்சளாக மின்னுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது நிக்கல் மேல் பூசிய முலாம், பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதைக் கரைக்க நைட்ரிக் அமிலத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கலந்தால் பழுப்புப் புகை கிளம்பும். நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைச் சுவாசித்தால் அந்த நேரம் லேசான இருமலோடு போய்விடும்; பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

ஆலையில் நடப்பது வேறு. சர்க்யூட் போர்டுகளை உருக்கும்போது செம்பு, தங்கத்தையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். அப்புறம் மின்னாற்பகுப்பில் செம்பு பிரிந்து போக, மற்றவை அடியில் சேறாகத் தங்கும். போர்டில் இருக்கும் டான்டலம் என்ற அரிய உலோகமோ கசடோடு வீணாகப் போய்விடுகிறது. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.