பேச்சு மாறாமல் பார்த்துக்கொள்வது

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஏற்காட்டில் என் வீட்டுக்காரர் ஒரு கடைக்காரரோடு சண்டை போட்டார். 30 ரூபாய் என்று அச்சடித்திருந்த ஐஸ்கிரீம் கப்புக்கு 40 கேட்டதில் ஆரம்பித்தது. ரெண்டாவது நிமிஷம் "யாரைப் பார்த்து வா போங்கற?" மூணாவது நிமிஷம் "டா". கூட்டம் கூடிவிட்டது. வந்த யாருக்கும் 30, 40 கதை தெரியாது. முதலில் டா போட்டது யார் என்பதுதான் வழக்கு. "பத்து ரூபாய்க்குப் போய் ஏன் சார்?" என்று ஒரு பெரியவர் தீர்ப்பு சொன்னார். நாற்பதையும் கொடுத்து, சாரியும் சொல்லிவிட்டு மலை இறங்கினோம்.

கத்துகிற ஆளைச் சமாளிக்கத் தெரியாத கடைக்காரர் நம்ம ஊரில் கிடையாது. அவரும் பதிலுக்கு ஒரு சத்தம் விட்டால் போதும், விலைப் பேச்சு மரியாதைப் பேச்சாகிவிடும். அதில் எம்.ஆர்.பி. யார் ஞாபகத்தில் இருக்கும்?

"நிதானமாப் பேசு" என்ற அறிவுரை எனக்கும் பிடிக்காது. பொம்பளைகளிடம் அதைச் சொல்கிறவர்கள் முக்கால்வாசி நேரம் "பேசாமல் இரு" என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார்கள். நான் சொல்வது அதில்லை. பேச்சு எதில் ஆரம்பித்ததோ அதிலேயே நிற்கட்டும், அவ்வளவுதான். அதற்குக் கத்தாமல் இருந்தாக வேண்டியிருக்கிறது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய ஆள் இருக்கிறார், வக்கீல் விஜயராகவாச்சாரியார். 1882-ல் இங்கே நடந்த கலவரத்தைத் தூண்டினார் என்று அவருக்குப் பத்து வருஷ தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீடு செய்து விடுதலையானார். வேறு யாராக இருந்தாலும் வெளியே வந்ததே போதும் என்று இருந்திருப்பார்கள். இவர், நகராட்சி உறுப்பினர் பதவியிலிருந்து தன்னை நீக்கியது தப்பு என்று வெள்ளைக்கார அரசு மேலேயே வழக்குப் போட்டு ஜெயித்தார். நஷ்டஈடு 100 ரூபாய். "நூறு ரூபாய்க்குப் போய் ஏன் சார்?" என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள்.

போன மாசம் மறுபடி ஏற்காடு. அண்ணன் பையன் கூட வந்திருந்தான். குளிரில் பல் தந்தியடிக்கிறது, இவனுக்கு ஐஸ்கிரீம். வேறொரு கடை, அதே 30, அதே 40.

"அண்ணா, முப்பதுதானே போட்டிருக்கு?"

"கூலிங் சார்ஜும்மா. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருது, வண்டி வாடகை யார் குடுப்பா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்த்த உச்ச விலை. கூலிங், கரண்ட் பில், எந்தப் பேரில் கூடுதலாக வாங்கினாலும் 2009-ம் வருஷத்து எடையளவுச் சட்டப்படி தப்பு. (உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டல் என்றால் கதை வேறு. அங்கே எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இது தெரியாமல் என் வீட்டுக்காரர் ஓட்டலிலும் சண்டை போட்டிருக்கிறார்.) நம்ம மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம்.

இதில் எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. சட்டம் பேசினால் அதுவும் வேறு பேச்சாகிவிடும். "சரிண்ணா, நாற்பதுன்னு ஒரு பில் போட்டுக் குடுங்க" என்றேன்.

"பில்லெல்லாம் கிடையாதும்மா."

"ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாலும் போதும்."

குரல் நடுங்கத்தான் செய்தது. கை நடுங்குவது தெரியக்கூடாது என்று பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படிச்சவங்கன்னா இப்படித்தான்" என்று ஒரு கொக்கி போட்டார். அதை எடுத்திருந்தால் மறுபடி டா வரைக்கும் போயிருக்கும். எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம்மா" என்றார்கள். நகரவில்லை.

பத்து ரூபாய்க் காசு ஒன்றை ஃப்ரீசர் கண்ணாடி மேல் டக்கென்று வைத்தார்.

காசை எடுத்துக்கொண்டு திரும்பினால், அடுத்து நின்ற குடும்பம் நாலு கப்புக்கு 160 ரூபாய் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் இவன் ஸ்வெட்டர் முழுக்க ஐஸ்கிரீமை ஒழுகவிட்டிருந்தான். சேலம் அஸ்தம்பட்டி வந்து இறங்கின பிறகுதான் 1915-க்குப் போன் போட்டேன்.