மாட்டுக்குச் சோறு போடாதீர்கள்

தை பிறந்தால் பெங்களூரில் கிரகப்பிரவேசங்கள் வரிசை கட்டும். பல வீடுகளுக்கு மாடும் கன்றும் போகும். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று நாலு வருஷமாக நினைத்து, ஒவ்வொரு வருஷமும் வேலையில் விட்டுப்போகிறது.

நான் அல்சூரில் பிறந்தவன். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாடு கட்டி, சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பால் ஊற்றி எங்களைப் படிக்க வைத்தார். ஊருக்குள் இடம் இல்லாமல் போனதும் சர்ஜாபுரம் பக்கம் கொட்டகை போட்டோம். இன்று 14 உருப்படி.

அதில் ஒருத்தி கௌரி. சாது. யார் கூப்பிட்டாலும் போவாள். தெரிந்தவர் ஒருவர் கேட்டார் என்று ஒரு அடுக்குமாடி வீட்டுப் பூஜைக்கு அனுப்பினேன். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் அவள் நடுங்கி நடுங்கிக் கால் வைத்ததைப் பார்த்தபோதே மனசு சரியில்லை. பூஜை முடிந்ததும் ஆளாளுக்கு ஊட்ட ஆரம்பித்தார்கள். சர்க்கரைப் பொங்கல், வெல்லம், ஊறவைத்த அரிசி, சீப்புச் சீப்பாக வாழைப்பழம். ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஊட்டினார். "போதும்மா" என்றேன். "புண்ணியம் தம்பி, தடுக்காதே" என்றார். அவர் கண்ணில் இருந்தது நிஜமான பக்தி. என்னால் மறுக்க முடியவில்லை.

அன்று ராத்திரி கௌரி அசைபோடவில்லை. தலையைத் தொங்கப் போட்டுப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றாள். காலையில் சாணி தண்ணீராக, புளித்த வாடையோடு போனது. டாக்டர் வந்து சோடா உப்புக் கரைசல் உள்ளே விட்டு, குளுக்கோஸ் ஏற்றி, நாலு நாள் போராடிப் பிழைக்க வைத்தார். 12 லிட்டர் கறந்தவள் 2 லிட்டருக்கு வந்தாள். அடுத்த சில வாரங்களில் குளம்பு வீங்கி நொண்ட ஆரம்பித்தாள். இன்றும் எழுந்திருக்கும்போது முதல் நாலடி நொண்டித்தான் நடக்கிறாள்.

நடந்தது என்ன என்பதைப் புரியும்படி சொல்கிறேன். மாட்டின் பெரிய வயிறு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஒரு புளிப்புத் தொட்டி. புல்லையும் வைக்கோலையும் செரிப்பது மாடு இல்லை, அந்தத் தொட்டிக்குள் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். மாடு தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடுகிறது. அப்போது சுமார் 100 லிட்டர் எச்சில் சுரக்கும். அந்த எச்சிலில் இருக்கும் சோடாதான் வயிற்றுப் புளிப்பை அடக்கி வைக்கிறது. சோற்றையும் வெல்லத்தையும் மெல்ல வேண்டியதே இல்லை. மெல்லாவிட்டால் எச்சில் இல்லை. மாவும் சர்க்கரையும் கிடைத்ததும் வேறு வகை நுண்ணுயிர் பெருகி அமிலத்தைக் கொட்டும். வயிறு வேலையை நிறுத்திவிடும். அந்த அமிலத்தின் கேடு ரத்தத்தோடு குளம்பு வரைக்கும் போகும். கௌரியின் நொண்டல் அங்கிருந்து வந்ததுதான்.

"எங்க பாட்டி தினமும் கழுநீர் ஊத்துவாங்களே, அந்த மாடு நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்பீர்கள். கழுநீர் என்பது பெரும்பாலும் தண்ணீர். அடியில் கொஞ்சம் பருக்கை, காய்த்தோல். அந்த மாடு பகல் முழுக்க மேய்ந்துவிட்டு வந்து அதைக் குடித்தது. பழகிய வயிற்றுக்குக் கொஞ்சமாக, தினமும் ஒரே அளவு. ஒரே நாளில் பத்து வீட்டு அன்பை ஒரு வயிற்றில் கொட்டுவது அப்படி இல்லை.

இன்னொன்று, மிச்சச் சோற்றைக் கவரில் முடிச்சுப் போட்டுத் தெருமுனையில் வைப்பது. மாட்டுக்கு மேல் வரிசையில் முன்பல் கிடையாது. நாக்கால் வளைத்து இழுத்து அப்படியே விழுங்கும். கவரை ஒதுக்கத் தெரியாது. போன கவர் வெளியே வராது, உள்ளேயே சேர்ந்து முடிச்சாகும். பூமாலையில் இருக்கும் கம்பி, சாப்பாட்டுப் பார்சலில் குத்திய பின் போன்றவை இரண்டாம் வயிற்றில் தங்கி, நாள்பட நெஞ்சுப் பக்கம் குத்திக்கொண்டு போகும். தயவுசெய்து குப்பைக்குள் சோறு வைக்காதீர்கள்.

நான் காலையில் மூன்றரைக்கு எழுந்ததும் முதலில் பால் கேனைத் தொட மாட்டேன். விளக்கைப் போட்டுவிட்டு வரிசையாக முகத்தைப் பார்ப்பேன். மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, படுத்திருப்பவள் அசைபோடுகிறாளா, சாணி எப்படி விழுந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் இடது பக்கம் விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பேன். ஒரு நிமிஷத்துக்குள் ஒரு தரமாவது உள்ளிருந்து ஒரு அலை எழுந்து கையைத் தள்ள வேண்டும். அப்பா எனக்கு ஒன்பது வயதில் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். அந்த அலை வந்தால்தான் எனக்கு டீ இறங்கும்.

அப்புறம் மடியைக் கழுவித் துடைப்பது, முதல் நாலு பீச்சைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துப் பால் திரிதிரியாகக் கட்டி விழுகிறதா என்று பார்ப்பது. கறந்து முடித்துக் காம்பை மருந்தில் முக்கியதும் புல் போடுவேன். காம்புத் துளை மூட அரை மணி நேரம் ஆகும். அதுவரை ஈரத் தரையில் படுக்காமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மடிநோய்.

ஊசி விஷயமும் மனசில் இருக்கிறது. கோமாரித் தடுப்பூசி ஆறு மாசத்துக்கு ஒருமுறை போட வேண்டும். போன தடவை போடும்போது யாரோ வீடியோ எடுத்து, "பால் சுரக்க ஹார்மோன் ஊசி" என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். ஆறு வீட்டில் பாலை நிறுத்தினார்கள். ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. பால் இறங்க ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் அது குற்றம். அப்படிச் செய்கிறவனைப் பிடித்துக் கொடுங்கள், நானே கூட வருகிறேன். ஆனால் ஊசியைப் பார்த்ததும் முடிவு கட்டாதீர்கள்.

கன்றுக்குப் பால் விடுவதில்லை என்ற பழியும் உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கன்றின் வயிற்றில் இருக்க வேண்டும். தாய் வயிற்றிலிருந்து அது நோய் எதிர்ப்பு எதையும் கொண்டுவருவதில்லை, எல்லாம் சீம்பாலில்தான். ஒரு நாள் கடந்தால் குடலும் அதை ஏற்காது. எங்கள் வீட்டில் சீம்பால் கேட்டு வரும் சொந்தக்காரர்களுக்கும் கன்று குடித்த மிச்சம்தான். பச்சைப் பால் சத்து என்று காய்ச்சாமல் குடிக்கிறவர்களுக்கு ஒரே வார்த்தை: காய்ச்சுங்கள். மாட்டுக்குக் கருவைக் கலைக்கும் கன்றுவீச்சு நோய்க் கிருமி பால் வழியாக மனிதனுக்கும் வரும்.

இதே ஊரில் ஆடுகோடியில் 1923இல் தொடங்கிய பால்பண்ணை நிலையம் இன்றும் இருக்கிறது. 1927இல் உடம்பு சரியில்லாமல் பெங்களூரில் தங்கியிருந்த காந்தி அங்கே போய் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். பசுவை அவ்வளவு போற்றியவர், அதைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கவில்லை.

வருகிற மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் கொட்டகைக்கு வாருங்கள். அகத்திக்கீரை ஒரு கட்டு, இல்லாவிட்டால் பச்சைப் புல் ஒரு கட்டு கொண்டு வந்தால் போதும். பொங்கலை நாம் சாப்பிடுவோம், மாட்டுக்குப் படையலில் ஒரு சின்ன உருண்டை கொடுக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள். கௌரியின் இடது பக்கம் கையை வைத்து அந்த அலை வரும் வரைக்கும் நிற்கச் சொல்கிறேன்.