அந்தப் பூட்டைத் திட்டாதீர்கள்

2025 ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி, மணி ஒன்று இருக்கும். சத்துவாச்சாரியிலிருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான். யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

"அண்ணா, ரம்மி ஆப்ல என்னை உள்ளே விடமாட்டேங்கறான். காலையில அஞ்சு மணிக்குத்தான் திறக்குமாம். என் காசு, நான் போடறேன். தடுக்க இவன் யாருண்ணா?"

காலையில் வீட்டுக்கு வரச் சொன்னேன். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை, மாதம் 16,000 சம்பளம். போனை வாங்கிப் பார்த்தேன். முந்தின ராத்திரி பணம் போட்ட வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன: 500, 500, 1,000, 2,000, 4,000. கடைசி வரி 11.52-க்கு. அடுத்தது 8,000 ஆகத்தான் இருந்திருக்கும். 12 மணி ஆனதால் தப்பித்தது.

ராத்திரி 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்பது தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதி. அது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் அந்த ஜூன் மாதம்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அரசு நம்மைக் குழந்தையாக நடத்துகிறது என்று கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி ஏறிய மனுஷனிடம் புத்தி பேசிப் பயனில்லை. நேரம் கடந்தால்தான் அது இறங்கும். காலையில் என் வீட்டில் இட்லி சாப்பிடும்போது, "8,000 போட்டிருப்பேன்ணா" என்று அவனே தலைகுனிந்து சொன்னான்.

ஆன்லைன் கேசினோ சட்டப்படி நடக்கும் பிரிட்டனிலும் இதே கணக்குதான். இவ்வளவுக்கு மேல் போடமாட்டேன் என்று ஆடுகிறவர் தனக்கே வைத்துக்கொள்ளும் டெபாசிட் வரம்பைக் குறைத்தால் உடனே குறைந்துவிடும். கூட்ட வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். என்னை ஆடவிடாதீர்கள் என்று தானே பதிவு செய்துகொள்ளும் 'கேம்ஸ்டாப்' (GAMSTOP) சேவையில் பெயர் கொடுத்தால் உரிமம் பெற்ற அத்தனை தளங்களும் கதவைச் சாத்திவிடும். 6 மாதம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் மனசு மாறினாலும் திறக்காது. கம்பெனிக்காரன் பாசத்தில் செய்கிறான் என்று சொல்லவில்லை. மீறினால் அபராதம் வரும், உரிமமும் போகலாம். எந்தப் பயத்தில் பூட்டினால் என்ன, பூட்டினானே!

அப்புறம் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் டெலிகிராமில் வெளிநாட்டுத் தளங்களின் லிங்க் இன்னும் சுற்றுகிறது. அங்கே 12 மணியும் கிடையாது, வரம்பும் கிடையாது. எனக்கு இப்போது பயமெல்லாம் அதுதான்.

அவனுக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஏடிஎம் கார்டைச் சித்தியிடம் கொடுத்துவிட்டான், போனிலிருந்து யூபிஐயை எடுத்துவிட்டான். பஸ்ஸுக்கும் டீக்கும் தினம் காலையில் சித்தி 100 ரூபாய் எண்ணிக் கொடுக்கிறார்.