பிள்ளைங்களை மேஜைக்கு இந்தப் பக்கம் நிறுத்துங்க

மழை விட்டு கொஞ்சம் குளிர் வந்துட்டா போதும், ஸ்கூல் வாட்ஸப் குழுவில வரிசையா போஸ்டர் வர ஆரம்பிச்சிடும். புற்றுநோய்க்கு நிதி திரட்ட ஒரு நடை, இதயத்துக்கு ஒரு நடை, கடற்கரையைக் காப்பாத்த ஒரு நடை. கீழே "குடும்பத்தோடு வாங்க"ன்னு ஒரு வரி. இடம் பார்த்தா பெசன்ட் நகர், இல்லைன்னா மெரினா. அஞ்சரை மணிக்கு அங்க நிக்கணும்னா தண்டையார்பேட்டையில நாங்க நாலு மணிக்கே எழுந்திரிக்கணும். இருந்தாலும் போறோம். இந்த நடைகளுக்கு நான் எதிரி இல்லை. ஒரு வீட்டுல ஆயாவும் பேரனும் சேர்ந்து செய்யற காரியம் இப்பல்லாம் எத்தனை இருக்கு? பேசிக்கிட்டே ரெண்டு கிலோமீட்டர் நடக்கறது அதுல ஒண்ணு.

என் பிரச்சினை அதுக்கப்புறம் நடக்கறதுலதான். காசு கட்டி, டி-சர்ட் போட்டு, நடந்து, கழுத்துல பதக்கம் மாட்டி, வாழைப்பழம் தின்னு, ஸ்டேட்டஸ் வெச்சு வீட்டுக்கு வர்ற பையன், தான் நடந்ததாலதான் யாருக்கோ நோய் குணமாச்சுன்னு நம்பறான். போய்ச் சேரப்போறது கட்டின காசு மட்டும்தான். அதுலயும் டி-சர்ட், மேடை, ஸ்பீக்கர், பதக்கம் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு? இதை நடத்தறவங்ககிட்ட கேளுங்க, பிள்ளைங்க பக்கத்துல நிக்கும்போதே கேளுங்க. முகம் சுளிக்கறவங்க இருப்பாங்க, போன வருஷக் கணக்கை எடுத்து நீட்டறவங்களும் இருப்பாங்க. ரெண்டாவது ரகத்தோட நடங்க. தனியா நன்கொடை கொடுத்தா வருமான வரிச்சலுகைக்கான ரசீது (80ஜி ரசீதுன்னு சொல்வாங்க) வாங்கிக்கோங்க. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா அந்த வரிச்சலுகை கிடைக்காது. புது வரிமுறைக்கு மாறினவங்களுக்கு அது எப்படியும் இல்லை.

இந்த மாதிரி நடை, ஓட்டம்னு சொன்னா எனக்கு நினைவுக்கு வர்றது டெர்ரி ஃபாக்ஸ்தான். கனடாக்காரர். எலும்புப் புற்றுநோயால ஒரு காலை எடுத்துட்டாங்க. 1980-ல செயற்கைக் காலோட 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் போனார். நோய் நுரையீரலுக்குப் பரவினதாலதான் நிறுத்தினார், மறு வருஷம் 22 வயசுல இறந்துட்டார். நாட்டுல ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கன்னுதான் அவர் கேட்டது. அவர் பேர்ல நடக்கற ஓட்டங்கள்ல இன்னைக்கும் முதலிடம், ரெண்டாமிடம் கிடையாது. நம்ம ஊர்லயும் ஐஐடி வளாகத்துல நடந்திருக்கு. எந்த மேடை, எந்த டிரோன் வந்தாலும் அந்த ஒரு டாலர் கணக்கை மறக்காம இருந்தா போதும்.

சரி, எங்க பக்கத்துக் கதைக்கு வர்றேன். வடசென்னைக்கு நடை புதுசு இல்லை. ஆகஸ்ட் 29 அன்னிக்கு பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில்ல கொடியேத்தம். காசிமேடு, ராயபுரம் பக்கத்துல இருந்து காவி உடுத்தி, சின்னப் பிள்ளைங்களோட வெறுங்காலோட கிளம்பிடுவாங்க. சுமார் 15 கிலோமீட்டர். புரட்டாசியில திருப்பதி பெருமாளுக்குப் போற குடை ஊர்வலம் பூக்கடையில கிளம்பி யானைக்கவுனி தாண்டி சூளை, அயனாவரம், வில்லிவாக்கம்னு போகும். இந்த ரெண்டுலயும் நடக்கறவங்களை மட்டும் பார்க்காதீங்க. ரோட்டோரம் மேஜை போட்டு நிக்கறவங்களைப் பாருங்க. மோர், எலுமிச்சை ஜூஸ், பிஸ்கட், புளிசாதம், காலுக்குத் தடவ தைலம். அவங்க யாரும் பேர் பதிவு பண்ணினவங்க இல்லை. தெருவுல காசு பிரிச்சு, ஒரு வீட்டுல அண்டா வாங்கி, இன்னொரு வீட்டு வாசல்ல அடுப்பு மூட்டினவங்க. ஆடிக் கூழும் அப்படித்தான். ரம்ஜான் மாசத்துல தூக்குச்சட்டியோட போற எல்லாருக்கும் பள்ளிவாசல்ல ஊத்தற நோன்புக் கஞ்சியும் அப்படித்தான்.

குடும்பத்தோடு தொண்டு பண்ணணும்னா பிள்ளைங்களை நிறுத்த வேண்டிய இடம் அந்த மேஜைக்குப் பின்னாடி. எங்க வீட்டுல யாரும் சர்ச்சுக்குப் போறவங்க இல்லை. வேளாங்கண்ணிக்கு நடக்கறவங்களுக்குப் போடற மேஜையில தண்ணி கேன் தூக்க ஆள் பத்தலைன்னு எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டாங்க, போனோம். எட்டாவது படிக்கற பையன் முதல் அரைமணி நேரம் போனைப் பார்த்துட்டு இருந்தான். கூட்டம் வந்ததும் பார்க்க நேரமில்லை. டம்ளரை விளிம்பு வரைக்கும் நிரப்பினா நடக்கறவங்க கையில பாதி சிந்தும், முக்கால்தான் ஊத்தணும். வயசானவங்க மேஜைக்கு வரமாட்டாங்க, நாமதான் எட்டு வெச்சுக் கொண்டுபோகணும். கைக்குழந்தை வெச்சிருக்கற அம்மாவுக்கு டம்ளரைப் பிடிக்கக் கை இருக்காது. இதெல்லாம் யாரும் பாடம் எடுக்கலை, தானா பிடிச்சுக்கிட்டான். கடைசியா, கூட்டம் போனப்புறம் ரோட்டுல கிடக்கற கப்பைப் பொறுக்கணும். அங்கதான் முகம் கோணிச்சு. ஆயா ஒரு பார்வை பார்த்தாங்க, குனிஞ்சுட்டான். நடைக்குப் போனப்ப இதே மாதிரி கப்பை இவனே தூக்கிப் போட்டுட்டு வந்தவன்தானே!

எல்லாத் தொண்டுக்கும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகச் சொல்லலை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் படிஞ்சது. மீனவர்கள் படகுல போய் அதை அள்ளினாங்க. அந்த மாதிரி வேலைக்கு "நாங்களும் உதவறோம்"னு குடும்பமா கிளம்பறது மடத்தனம். கச்சா எண்ணெய் ஆவி பெரியவங்களுக்கே ஆகாது. வெள்ளத் தண்ணியில இறங்கினா எலிக்காய்ச்சல் பயம் வேற. வெள்ளக் காலத்துல பிள்ளைங்களுக்கு வேலை வீட்டுக்குள்ளயே இருக்கு: பொட்டலம் கட்டறது. என்ன வேணும்னு அந்தத் தெருக்காரங்களுக்கு போன் போட்டுக் கேட்டு எழுதறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு ஆளுங்ககிட்ட கேட்டா பழைய துணியை யாரும் சொல்லமாட்டாங்க. நாப்கின், புது நைட்டி, லுங்கி, உள்ளாடை, பாய், கொசுவத்தி, மெழுகுவத்தி. வருஷா வருஷம் இதே பட்டியல்தான். வருஷா வருஷம் வர்றது கிழிஞ்ச சட்டைதான்.

இன்னொண்ணு, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தது. பிள்ளையோட பிறந்தநாளுக்கு ஆதரவில்லாத குழந்தைங்க இல்லத்துக்குப் போய் கேக் வெட்டறதை நிறுத்துங்க. யாருன்னே தெரியாத பிள்ளைக்கு அந்தக் குழந்தைங்க எத்தனை தடவை கைதட்டிப் பாடும்? போட்டோ எடுத்துப் போடறது அதைவிட மோசம். பராமரிப்பு தேவைப்படற குழந்தைங்களோட படத்தையோ அடையாளத்தையோ ஊடகத்துல வெளியிட 2015 சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவுல தடை இருக்கு. மீறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லை ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், சமயத்துல ரெண்டும். கொடுக்கணும்னா அந்த மாச மளிகை பில்லைக் கட்டிட்டு வாங்க.

பெரியவங்களுக்கு ரத்ததானம். 18 வயசு ஆகியிருக்கணும், 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும். ஆம்பளைங்க 90 நாளுக்கு ஒரு தடவை, பொம்பளைங்க 120 நாளுக்கு ஒரு தடவை கொடுக்கலாம். கொடுத்த ரத்தத்துல தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும், சிவப்பணுக்கள் 42 நாள். தலைவர் பிறந்தநாள் அன்னிக்கு ஊரே சேர்ந்து கொடுத்துட்டு அடுத்த மூணு மாசம் யாரும் எட்டிப் பார்க்கலைன்னா, நடுவுல பிரசவத்துக்கு வர்ற பொண்ணு என்ன பண்ணுவா? அதனால எங்க வீட்டுல நானும் வீட்டுக்காரரும் ஒரே நாள்ல கொடுக்கறதில்லை. காலண்டர்ல தேதி குறிக்கற வேலை பொண்ணோடது, மறந்தா திட்டு விழுது.

வர்ற ஆகஸ்ட் 29-க்கு ராயபுரத்துல மேஜை போடப் போறோம். தண்ணி கேனும் எலுமிச்சையும் பேசியாச்சு. பத்தாதது ஆளுங்கதான், முக்கியமா கூட்டம் போனப்புறம் துடைப்பம் பிடிக்கற ஆளுங்க. பிளாஸ்டிக் கப் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். வீட்டுல சும்மா கிடக்கற எவர்சில்வர் டம்ளர் இருந்தா அடியில பேர் வெட்டிக் கொடுங்க, கழுவித் திருப்பித் தந்துடறோம்.