கல்வெட்டு ஆய்வு ஊர் மந்தைக்கு வரவேண்டும்

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கெனக் குடியமர்த்தப்பட்ட பெண்கள், 400 பேரை வீட்டு வரிசைப்படி பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகில் (தெருவின் தெற்கு வரிசையில்) தலைவீடு யாருடையது, இரண்டாம் வீடு யாருடையது, அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். திருவாரூர், நாகப்பட்டினம், திருவையாறு, பழையாறை என்று அதில் வரும் ஊர்களில் பல இன்றும் அதே பெயருடன் இருக்கின்றன. கல்வெட்டின் வாசகம் அச்சேறி நூறாண்டுக்கு மேலாகியும், தங்கள் ஊரிலிருந்து போன அந்தப் பெண்களின் பெயர்களை அங்கே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

நம் பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாறு, தொல்லியல் துறைகள் செய்யும் ஆய்வு பெரும்பாலும் ஊர்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. பேராசிரியர் எ. சுப்பராயலு சோழநாட்டில் ‘நாடு’ எனப்பட்ட பழைய ஊர்த்தொகுதிகளை வரைபடமாக்கியதே, கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்திப் பார்த்துத்தான். அப்படி எடுத்த ஆய்வை அந்த ஊர்களுக்கே கொண்டுபோய்ச் சொல்வதைத் துறைகள் தம் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கருத்தரங்க அறையில் ஆய்வாளர்கள் தமக்குள் பேசிக்கொள்வது மட்டும் போதாது. பிரிட்டனில் 2014 முதல் மொழி, வரலாறு, தத்துவம் போன்ற மானுடப் புலங்களுக்கென்றே ஒரு தேசிய விழாவை லண்டன் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திவருகிறது. ஆய்வாளர்கள் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சென்று பொதுமக்களிடம் பேசுகிறார்கள். நமக்கு ஊர் மந்தையும் கோயில் மண்டபமும் இருக்கின்றன.

டெல்டாப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் இப்படியொரு மாலைக் கூட்டத்தில் இருந்திருக்கிறேன். ஆய்வு மாணவி ஒருவர் கோயில் சுவரிலிருந்த நிலக்கொடையைப் படித்து, வதிக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இரண்டாங் கண்ணாறு என்று பழைய பாசனச் சொற்களில் நிலத்தின் எல்லைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, “அந்த வாய்க்கா தலைப்பு இப்ப தூந்து கெடக்கும்மா, நான் காட்டுறேன் வா” என்றார். எந்த நூலகத்திலும் கிடைக்காத செய்தி அது. ஊர்மக்கள் கைதட்டுவதற்கென்று வந்து உட்காருகிறவர்கள் அல்லர். நீர் ஓடிய வழியும் வயல்களின் பழம்பெயர்களும் அவர்களுக்கு மனப்பாடம். கூட்டத்தின் பாதி நேரத்தை அவர்கள் பேசுவதற்கு விட்டுவிட வேண்டும்.

இதில் ஓர் ஆபத்து இருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்வெட்டு என்றதும் தன் சாதிக்குப் பெருமை தேடி வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பிடித்த வரிகளை மட்டும் படித்துவிட்டு வருவது ஆய்வுக்குச் செய்யும் துரோகம். தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனியே குறிக்கின்றன. அந்த வரிகளையும் அதே ஒலிபெருக்கியில், எல்லாத் தெருக்காரர்களும் கூடியிருக்கும்போது, நிதானமாக விளக்கிப் படிக்கத்தான் பயிற்சி பெற்ற ஆய்வாளர் தேவை. கூட்டம் எல்லோரும் தயக்கமின்றி வந்து உட்காரக்கூடிய பொது இடத்தில் நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

இதற்கெனப் பெரிய நிதி வேண்டியதில்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு ஏற்கெனவே ஊர்களுக்குப் போகிறார்கள்; அதில் ஒரு மாலையை அந்த ஊர்க் கல்வெட்டுக்கு ஒதுக்கலாம். கல்வெட்டு வாசகத்தை இன்றைய தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுப் பள்ளிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் கொடுக்கலாம். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு எந்திரத்தைக் கொண்டுவந்து எழுத்துகளைத் தேய்க்க முற்படும்போது, சுவரில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஊர் கேள்வி கேட்கும்.

ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் இத்தகைய கூட்டங்களுக்கும் ஆய்வுக் கட்டுரைக்கு நிகரான இடம் தரவேண்டும். ஆர்வமுள்ள ஆசிரியர்கள் இன்று இதைத் தம் விடுமுறை நாளில், தம் கைக்காசில் செய்துகொண்டிருக்கிறார்கள்.